மேல்வீட்டுச் சத்தமும் கீழ்வீட்டுக்காரர் செய்யும் தவறுகளும்

நங்கநல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இரவு பதினொன்றரைக்கு மேல் ஒரு சத்தம் கேட்கும். டொக், டொக், டொக்கென்று மூன்று தட்டு. பிறகு தரையில் கோலிக்குண்டை உருட்டிவிட்டதுபோல ஓர் ஓட்டம். மேல்வீட்டில் இரண்டு பையன்கள். வேறு யாரைச் சந்தேகிப்பது? ஒருநாள் தூக்கக் கலக்கத்தோடு மாடியேறிக் கதவைத் தட்டி, "பிள்ளைகளைத் தூங்கவைக்கவே மாட்டீர்களா?" என்று கேட்டுவிட்டேன். பையன்கள் ஒன்பதரைக்கே படுத்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். நான் நம்பவில்லை. மே மாதம் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். கோலி அன்றைக்கும் உருண்டது.

காரணம் தண்ணீர்க் குழாய். இன்னொரு மாடியில் யாரோ குழாயைச் சட்டென்று மூடும்போது, ஓடிவந்த தண்ணீர் முட்டி நிற்க, பிடிப்புத் தளர்ந்த குழாய் சுவரில் அடித்துக்கொள்கிறது. பிளம்பர் வந்து இரண்டு கிளாம்பை முடுக்கியதும் சத்தம் நின்றது. மேல்வீட்டு அம்மா என்னோடு பேசத்தான் இன்னும் ஆறு மாதம் ஆயிற்று.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யாமல் கிளம்புவதுதான் என் கணக்கில் முதல் தவறு. பேச்சும் டிவியும் காற்றில் வரும் சத்தங்கள். கான்கிரீட் தளம் அவற்றை ஓரளவு தடுத்துவிடும். கிரைண்டர், இரும்புக் கட்டிலை இழுப்பது, உலக்கையால் இடிப்பது ஆகியவை தளத்தையே அதிரவைக்கின்றன. அந்த அதிர்வு தூண், உத்தரம், சுவர் வழியாகப் பரவுவதால், பக்கவாட்டிலிருந்து வருவதுகூடத் தலைக்கு நேர் மேலே கேட்பதுபோலத் தோன்றும்.

உறுதியானபின் போகலாம், ஆனால் சத்தம் கேட்கும் நேரத்தில் போகக்கூடாது. கோபம் உச்சியில் இருக்கும்போது வாயில் வருவது எதுவும் நன்றாக இருக்காது. மறுநாள் மாலை போய், "நீங்கள் எப்போதும் சத்தம் போடுகிறீர்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "அக்கா, காலை ஐந்தேகாலுக்கு உங்கள் கிரைண்டர் ஓடும்போது எங்கள் கட்டில் அதிர்கிறது, ஒருமுறை கீழே வந்து கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தங்கள் வீட்டுச் சத்தம் கீழே எப்படி இறங்குகிறது என்பது பலருக்கு உண்மையிலேயே தெரியாது. கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பியும் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அந்த நூறு, இருநூறு ரூபாயை நீங்களே செலவழித்தாலும் நஷ்டமில்லை.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் புகார் எழுதுவது, துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பது, பதிலுக்கு நம் டிவியை அலறவிடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்குப் போலீஸ் வரை விஷயம் போனால் இவையெல்லாம் உங்களுக்கு எதிரான சாட்சிகள்.

"இரவு பத்து மணிக்குள் என்றால் எவ்வளவு சத்தமும் போடலாம்" என்று இரு தரப்பும் நம்புவது அடுத்த தவறு. ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. பகலிலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவில் குடியிருப்புப் பகுதியில் சத்தமெழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக்கூடாது. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் செய்யலாம். இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலும் செய்யலாம். செல்போன் செயலி காட்டும் எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது முறையாகச் சரிபார்க்கப்பட்ட கருவி அல்ல. அதைவிட ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால், படிக்கிறவருக்கு விஷயம் புரியும். நள்ளிரவில் ஸ்பீக்கர் வைத்து ஆட்டம் என்றால் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், 112ஐ அழையுங்கள்.

வீட்டுக்காரரிடம் எப்போது போவது? சத்தம் போடுகிறவரும் அவருடைய வாடகைதாரர் என்றால் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு, எழுத்தில் கேளுங்கள். சத்தம் வரும் வீடு வேறொருவருடையது என்றால் உங்கள் வீட்டுக்காரரைக் குடைந்து பயனில்லை. வீட்டுக்காரர் தானே இடையூறு செய்யாமல் நம்மை வீட்டில் இருக்கவிட வேண்டும் என்பதுதான் சட்டம் அவர்மேல் வைக்கும் பொறுப்பு. ஊரில் உள்ளவர்கள் போடும் சத்தத்துக்கெல்லாம் அவர் ஜவாப்தாரி அல்ல.

இங்கேதான் பலர் பெரிய தவறைச் செய்கிறார்கள். "சத்தம் நிற்கும்வரை வாடகை தரமாட்டேன், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கியாகி, நோட்டீஸ் வந்தபிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், அதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்றக் கோரலாம். சத்தம் போட்டவர் மேலே நிம்மதியாக இருப்பார். நீங்கள் பெட்டி கட்டுவீர்கள்.

காலி செய்வதென்றே முடிவானாலும் ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ், குறைந்தபட்சம் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதைப் படித்துவிட்டு வாயைத் திறங்கள். அடுத்த வீட்டை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாரநாளில் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் படுக்கையறையில் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் உண்டா, ஆடி மாதத்தில் குழாய் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். புரோக்கர் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும். நான் அப்படி நின்ற ஒரு வீட்டில் நான்காவது நிமிடத்தில் மேலே மிக்ஸி ஓடியது. எங்கே என்று கேட்டேன். "அது பக்கத்து வீடு சார்" என்றார் புரோக்கர். இந்த முறை மாடியேறிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.