பூத்தையல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூத்தையல் பழகத் தொடங்கும் பிள்ளையின் துணி சுருங்கும், நூல் சிக்கும், ஊசி விரலில் குத்தும். சில வாரங்களில் சிலர் துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். உடனே, "இந்தப் பிள்ளைக்குக் கை வராது" என்று சொல்லிவிடுகிறோம். அது சரியில்லை. வழுக்கும் துணியைக் கொடுத்தது நாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு நூலை வெட்டிக் கொடுத்தது நாம். முதல் வேலையாகவே தோகை விரித்த மயிலை வரைந்து கொடுத்ததும் நாம்தான்.

மலையகத்தில் தரம் 9, 10, 11 பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனைப்பொருளியல் டீச்சர், தோட்டத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் அக்கா, மகளுக்கு வீட்டில் பழக்கும் அம்மா, யாராக இருந்தாலும் சரி.

முதல் வேலையே கண்காட்சிக்கு

மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன. கல்விக் கண்காட்சி வருகிறது, அதிபர் மேசை விரிப்பு கேட்கிறார், உடனே பெரிய வடிவம் ஒன்றை வரைந்து பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம். அதை நிரப்பச் சாட்டின் தையல் வேண்டும். பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் தொடக்கத் தையல்களில் மிகக் கடினமானது அதுதான். இழைகள் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே இறுக்கத்தில், ஓரம் கலையாமல் படிய வேண்டும். ஊசி பிடிக்கவே பழகாத விரலுக்கு அது எப்படி வரும்? நாள் நெருங்கியதும் டீச்சரோ வீட்டில் அக்காவோ வாங்கி முடித்துக் கொடுப்பார்கள். கண்காட்சியில் வைத்ததும் எல்லோரும் பாராட்டுவார்கள். அது தன் வேலை இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். அடுத்த முறை ஊசியைத் தொடவே அது தயங்கும்.

அதற்குப் பதிலாக 20 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பழகு துணி கொடுங்கள். பென்சிலால் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கோடுகள் போடச் சொல்லுங்கள். முதல் கோட்டில் ஓட்டுத் தையல். அதில் தையலின் நீளம் சீராக வரப் பழகும். அடுத்தது பின் தையல். முந்தைய தையல் முடிந்த துளையிலேயே ஊசியை இறக்கக் கண் பழகும். காம்புத் தையலில் நூலை எப்போதும் ஒரே பக்கமாக ஒதுக்கி வைக்கும் ஒழுங்கு வரும். சங்கிலித் தையலில் கட்டைவிரலால் நூலை அமர்த்திப் பிடிக்கும் பழக்கம் வரும். ஒன்றில் பழகியது அடுத்ததற்கு உதவும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள். இந்த நான்கும் கைக்கு வந்த பிறகு, ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு, தனிச் சங்கிலிக் கண்ணிகளை இதழ்களாக வைக்கும் லேசி டெய்சி. சாட்டின் கடைசியில் வரட்டும். அதுவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமில்லாத சிறு இதழில், சுற்றிலும் பின் தையல் போட்டபின், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி.

நான்கைந்து தையலை வைத்துக்கொண்டு என்ன அழகு செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் கண்டியின் பழைய வெற்றிலைப் பைகளைப் பார்க்க வேண்டும். சங்கிலித் தையல் போன்ற சில தையல்களையும், சிவப்பு, நீலம் என்று ஒருசில நிற நூல்களையும் கொண்டு செய்த வேலை அது. 1903 முதல் 1907 வரை இங்கே வாழ்ந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமியின் மனைவி எத்தெல், அந்தக் கண்டித் தையல் வேலைகளைத் தேடிப் பார்த்து எழுதிவைத்தவர். நம் மலைநாட்டிலேயே இப்படி ஒரு மரபு இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குப் படமாகவாவது காட்டுங்கள்.

வடிவத்துக்கும் எங்கும் அலைய வேண்டியதில்லை. ஒரு மொட்டும் இரண்டு இலையும் போதும். தண்டுக்குக் காம்புத் தையல், இலை ஓரத்துக்குப் பின் தையல், நடு நரம்புக்கு ஓட்டுத் தையல். தேயிலைப் பூ இன்னும் நல்லது. வெள்ளை இதழ்கள், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தம். பிரெஞ்சு முடிச்சு பழக அதைவிடப் பொருத்தமான பூவை நான் பார்த்ததில்லை. வெள்ளை இதழ் தெரிவதற்கு வெளிர் நீலமோ பச்சையோ துணியாக இருக்கட்டும். ஒரு பூவைப் பறித்து வந்து மேசையில் வைத்து, பிள்ளையே பார்த்து வரையட்டும்.

துணி, நூல், ஊசி

பொலியெஸ்டர் கலந்த துணி மலிவாகக் கிடைக்கும், கசங்காது. ஆனால் தொடக்கக்காரருக்கு அது ஆகாது. வழுக்கும், நூலைக் கொஞ்சம் இழுத்தாலும் சுருங்கும், நகத்தால் கீறினால் மடிப்பு நிற்காது. பருத்திப் பொப்லின் போதும். அதையும் கழுவி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். புதிய பருத்தி முதல் கழுவலில் சுருங்கும், நூல் அந்த அளவுக்குச் சுருங்காது. கழுவாமல் தைத்தால் பூவைச் சுற்றித் துணி பொங்கி நிற்கும்.

நூலில் இரண்டு தவறுகள் எல்லா வகுப்பிலும் நடக்கின்றன. பூத்தையல் நூல் 6 இழை சேர்ந்தது. அதை அப்படியே கோர்த்துத் தைப்பது முதல் தவறு. பழகுபவருக்கு 2 அல்லது 3 இழை போதும். பிரிக்கும்போது மூன்றையும் சேர்த்து இழுத்தால் முடிச்சு விழும். ஒவ்வோர் இழையாக மேலே உருவி எடுத்து, பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அடிக்கடி கோர்க்கும் வேலை மிச்சம் என்று நீளமாக வெட்டுவது. ஒவ்வொரு தையலுக்கும் முழு நூலும் துணிக்குள் உராய்ந்துதான் வெளியே வருகிறது. நீளம் கூடக்கூடப் பஞ்சு எழும்பி, முறுக்கேறி, சிக்கும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, சுமார் 45 சென்டிமீட்டர், அதுதான் அளவு. முறுக்கேறினால் ஊசியைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். தானாகச் சுழன்று அவிழும்.

ஊசியின் இலக்கம் கூடினால் ஊசி மெலியும். இது தெரியாமல் பெரிய இலக்கம் பெரிய ஊசி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். 2, 3 இழைக்கு 7 அல்லது 8ஆம் இலக்கப் பூத்தையல் ஊசி சரியாக இருக்கும். சாதாரணத் தையல் ஊசியின் காது சிறியது. அதில் இழை நுழைக்கவே பாடவேளை போய்விடும். ஊசிக் காது பெரிதாக இருந்தும் ஒரு பிள்ளை தினமும் நூல் கோர்க்கச் சிரமப்பட்டால், அதைக் கண்டிக்காமல் பெற்றோரிடம் சொல்லிக் கண் பரிசோதிக்கச் செய்யுங்கள். கரும்பலகை தெரியும் பிள்ளைக்கும் கிட்டப் பார்ப்பதில் குறை இருக்கலாம்.

வடிவத்தைப் பதிக்கக் குமிழ்முனைப் பேனாவும் எழுத்து வேலைக்கான கார்பன் தாளும் வேண்டவே வேண்டாம். அந்த மை போகாது. ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, மேலே துணியை வைத்து, கூரான பென்சிலால் மெல்லிதாக இழுத்தால் போதும்.

குளிரும் ஈரமும்

கொழும்பிலிருந்து வரும் கையேடுகளில் இதைப் பற்றி ஒன்றும் இருக்காது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழைக்காலத்தில் நாள் கணக்கில் எதுவும் காயாது. துணியில் குத்தியே வைத்த ஊசி அடுத்த வாரம் துருப்பிடித்திருக்கும். துருக்கறை வெள்ளைத் துணியிலிருந்து லேசில் போகாது. அதனால் வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியிலிருந்து எடுத்துவிடுவதை முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும். கம்பளித் துண்டு ஒன்றில் குத்தி, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பை ஒன்றையும் உள்ளே போடலாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினால் தரையில் ஊசி கிடக்கும் ஆபத்தும் இல்லை.

தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் அப்படியே விடக்கூடாது. வாரம் முழுக்கத் துணி வளையத்தில் இறுகிக் கிடந்தால் வட்டமாக அழுக்கும் மடிப்பும் பதிந்துவிடும்.

முடியுமானால் மாதத்தைப் பார்த்துப் பாடத்தை வையுங்கள். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. வெள்ளைத் துணி வேலையை ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் முடிப்பது நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஜூன், ஜூலை, ஓகஸ்ட் காய்ந்திருக்கும், வருடக் கடைசியில்தான் பெருமழை. நாள் முழுவதிலும் பார்த்தால், பிற்பகலில் மூடுபனி இறங்கி வகுப்பறை இருண்டுவிடும். காலைப் பாடவேளையைக் கேட்டு வாங்குங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கமிருந்தும், இடக்கைக்காரருக்கு வலப்பக்கமிருந்தும் வெளிச்சம் விழ வேண்டும்.

இதோடு சேர்ந்தது வீட்டுவேலை. லயத்து அறையில் ஒரு பல்பு வெளிச்சத்தில், தம்பி தங்கைகளுக்கு நடுவில் இரவு எட்டு மணிக்குப் பூத்தையல் செய்யச் சொல்வது நியாயமில்லை. கண்ணும் களைக்கும், வேலையும் கெடும். நூல் வேலையை வகுப்பிலேயே வைத்துக்கொண்டு, வடிவம் வரைவதை மட்டும் வீட்டுக்குக் கொடுக்கலாம்.

கைகழுவாமல் தைத்தால் துணி பழுப்பாகும். குளிர்நீரில் கழுவிய விரல் விறைத்துவிடும். கழுவி, நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு ஊசியை எடுக்கட்டும்.

செய்துகாட்டும் விதம்

நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சிறிய துணியில் தைத்துக் காட்டினால் முன்வரிசைக்கும் தெரியாது. ஒரு சாக்கை விரித்து மாட்டி, சாக்கூசியில் தடித்த உல்லன் நூலைக் கோர்த்துக் காட்டுங்கள். கடைசி வாங்கிலிருந்தும் தெரியும்.

தனியாகச் சொல்லிக்கொடுக்கும்போது, வலக்கைப் பிள்ளையின் எதிரே உட்காருவது பலரும் விடும் தவறு. எதிரே இருந்தால் இடம் வலமாகத் தெரியும். வலக்கைக்காரருக்கு அருகில், ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள். இடக்கைப் பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள். உங்கள் வலக்கை அதற்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் அமையும். எந்தக் காரணத்துக்காகவும் இடக்கையை மாற்றச் சொல்லாதீர்கள். சங்கிலியோ காம்புத் தையலோ எதிர்த் திசையில் போனால் என்ன குறை?

பிழையாகிவிட்ட கோட்டை முழுவதும் பிரிக்கச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. பிரித்தால் துணியும் கிழியும், மனமும் சோரும். அதை அப்படியே விட்டு, கீழே அடுத்த கோட்டில் மறுபடி செய்யச் சொல்லுங்கள். நான்காவது கோடு முதல் கோட்டைவிட நன்றாக இருப்பதைப் பிள்ளையே பார்க்கும். ஆனால் துணியின் பின்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள், அதற்கும் புள்ளி கொடுங்கள். தொடக்கத்தில் முடிச்சுப் போட்டால் இஸ்திரி போடும்போது முன்பக்கம் புடைக்கும். கொஞ்சம் நூலை விட்டுத் தொடங்கி, பிறகு அதைப் பின்பக்கத் தையல்களுக்குள் கோர்த்துவிட வேண்டும். ஒரு பூவிலிருந்து தூரத்திலுள்ள இன்னொரு பூவுக்கு நூலைப் பின்னால் இழுத்துப் போனால் மெல்லிய துணியில் கோடாகத் தெரியும்.

ஆண் பிள்ளைகளை இந்த நேரத்தில் விளையாட அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நம் நகரங்களில் தையல் கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று பார்த்தாலே அது எவ்வளவு பிழை என்று தெரியும். பொத்தான் தைக்கவும் கிழிசல் மூட்டவும் யாருக்குத்தான் தேவையில்லை?

"படிப்பு வராவிட்டால் தையலாவது பழகு" என்று சொல்வதை இதைவிடப் பெரிய தவறு என்பேன். தோட்டத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு மட்டம் தட்டப்படுகிறார்கள். அளவெடுப்பு, சமச்சீர், நிறப் பொருத்தம், பொறுமை எல்லாம் வேண்டிய வேலை இது. அதேபோல் பொய் நம்பிக்கையும் தரவேண்டாம். ஆடைத் தொழிற்சாலையில் பெரும்பாலும் மெஷினில் ஓர் உடுப்பின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பத் தைக்கும் வேலை; கையால் பூத்தையல் பழகியது அங்கே நேராகக் கைகொடுக்காது. கல்யாண பிளவுஸ்களுக்குச் செய்யும் ஆரி வேலை இதற்குக் கிட்டியது. கொக்கி ஊசியால் போடுவதும் சங்கிலித் தையல்தான் என்பதால், ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த வழியைச் சொல்லலாம்.

கழுவி முடிக்கும்போது

விரலில் குத்தி ரத்தத்துளி பட்டால் உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். சிவப்பு, கறுப்பு, கடும்நீல நூல்களைத் தைப்பதற்கு முன்பே நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் போனால் வேறு நூல் எடுங்கள். முடிந்த வேலையை மெதுவாகக் கழுவி, முறுக்காமல் துவாயில் சுருட்டி நீரை ஒற்றி எடுக்கவும். இஸ்திரியை முன்பக்கம் போட்டால் முடிச்சுகள் நசுங்கும். தடித்த துவாய் மேல் பூவைக் கவிழ்த்து, பின்பக்கம் போட வேண்டும். மழைக்காலத்தில் அரைகுறை ஈரத்தோடு மடித்து அலுமாரியில் வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நாள் கூடுதலாகக் கொடியில் கிடந்தாலும் பரவாயில்லை, முழுதாகக் காய்ந்த பிறகே மடியுங்கள்.