லேக் சுத்துறவங்க கவனத்துக்கு: மூளைய ஒரே ரூட்ல ஓட்டாதீங்க

காலைல ஆறரைக்கு கொடைக்கானல் லேக்ல போய் நின்னா புதுசா ரிட்டயர் ஆனவங்கள பாத்தவுடனே கண்டுபிடிச்சிரலாம். புது ஷூ, மங்கி கேப், முகத்துல ஒரு வைராக்கியம். கேட்டா "மறதி வந்துரக்கூடாதுல்ல, அதான் நடக்கறேன்"ம்பாங்க, நல்லதுதான், ஆனா ஆறு வருஷம் முன்னாடி நான் என்னென்ன கூத்து பண்ணேனோ அதையே வரிசை மாறாம பண்றாங்க. தண்ணி குடிங்க, பனிக்கு காத மூடுங்க, இதெல்லாம் உங்க வீட்லயே சொல்லிருப்பாங்க, அத விட்டுர்றேன்.

டீக்கடை வாக்கிங்

பத்து நிமிஷம் நடந்து இருபது நிமிஷம் நின்னு பேசுறது. வயசான மூளைக்கு நடை உதவுதுன்னு சொல்ற ஆராய்ச்சிகள்ல 2011ல அமெரிக்காவுல வந்தது முக்கியமானது. 55லருந்து 80 வயசு வரைக்கும் 120 பேரு, அதுல பாதி பேரு ஒரு வருஷம் வாரத்துக்கு மூணு நாள் 40 நிமிஷம் நடந்தாங்க, மீதிப் பேரு கைகால நீட்டி மடக்குற பயிற்சி பண்ணாங்க. நடந்தவங்களுக்கு ஞாபகத்துக்கு வேலை பாக்குற ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி சுமார் 2 சதவீதம் வளந்துருக்கு, நீட்டி மடக்குனவங்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கிருச்சு. ஆக, மூச்சு வாங்கணும். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதான் அளவு. கீழருந்து வந்தவங்க மட்டும் முதல் நாளே வேகம் காட்டாதீங்க, இது ஏழாயிரம் அடி.

ஒரே ரூட்

இதச் சொல்லத்தான் உக்காந்தேன்.

நான் 26 வருஷம் பஸ் ஓட்டுனவன். வத்தலக்குண்டுல எடுத்தா காட்ரோடு, ஊத்து, பெருமாள்மலை, சில்வர் கேஸ்கேட், மூஞ்சிக்கல். கண்ண மூடிட்டு ஓட்டுவேன்னு பெருமையா சொல்லிக்குவேன். ரிட்டயர் ஆனதும் அதே மாதிரி ஒரு வாழ்க்கைய செட் பண்ணிட்டேன், தினமும் லேக்க ஒரு ரவுண்டு, அஞ்சு கிலோமீட்டர், அதே பக்கமா, அதே மூணு பேரோட, அதே பழைய டெப்போ கதை. வீட்டுக்கு வந்தா பேப்பர்ல சுடோகு. மூளைக்குப் பயிற்சின்னு போன்ல ஒரு ஆப்புக்கு மூணு வருஷம் காசு கட்டுனேன், அதுல என் ஸ்கோர் ஏறிட்டே போச்சு, நானும் மூளை ஏறுதுன்னு நெனச்சேன்.

அப்புறம் கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போனோம். காலைல பால் பாக்கெட் வாங்கப் போனேன். மூணு தெரு தள்ளித்தான் கடை. திரும்பி வரத் தெரியல. போனும் எடுத்துட்டுப் போகல. கைல பால் பாக்கெட் ரெண்டும் சூடாகுற வரைக்கும் சுத்திட்டு கடைசில ஒரு இஸ்திரி வண்டிக்காரர்ட்ட கேட்டு வீடு வந்து சேந்தேன். எத்தனை ஆயிரம் பேர மலை ஏத்தி எறக்குனவன்! டாக்டர்ட்ட போனோம், வைட்டமின் பி12, தைராய்டு எல்லாம் பாத்துட்டு, பயப்பட ஒண்ணும் இல்ல, புதுசா ஏதாவது கத்துக்கங்கன்னார். எனக்குக் கோவம், நான்தான் தினமும் சுடோகு போடுறேனேன்னு.

அப்புறம் மக ஒரு விஷயம் படிச்சுக் காட்டுச்சு. லண்டன் டாக்ஸி டிரைவருங்க லைசன்ஸுக்கு சுமார் 25,000 தெருவ மனப்பாடம் பண்ணணுமாம். 2006ல அவங்க மூளையையும் அதே ஊரு பஸ் டிரைவருங்க மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பாத்துருக்காங்க. அதே டிராபிக், அதே டென்ஷன், ஆனா ஹிப்போகேம்பஸோட பின்பகுதி டாக்ஸிக்காரங்களுக்குத்தான் பெருசா இருந்துருக்கு. பஸ்காரன் போறது போட்டு வச்ச ரூட்லதானே. எங்க இனத்த வச்சே நிரூபிச்சுட்டாங்க!

சுடோகுவும் அப்படித்தான், பழகிட்டா அது ரூட் பஸ். ஆப்ல ஏறுன ஸ்கோரு அந்த விளையாட்டுலதான் ஏறுச்சு, பால் கடைக்கு வரல. 2014ல டெக்சாஸ்ல வயசானவங்கள மூணு மாசம், வாரத்துக்கு 15 மணி நேரம் கிட்ட, போட்டோகிராபியும் மெத்தை விரிப்பு தைக்கிறதும் கத்துக்க வச்சாங்க, அவங்களுக்கு ஞாபகம் முன்னேறுச்சு. கூடி அரட்டை அடிச்சவங்களுக்கும் வீட்ல தெரிஞ்சத செஞ்சுட்டு இருந்தவங்களுக்கும் அந்த அளவு இல்ல. கஷ்டப்படணும், தப்பு பண்ணணும், அப்பத்தான் கத்துக்கறதுன்னு பேரு. போன வாரம் ஒரு புது ஆளு, பேங்க்ல இருந்தவரு, என்கிட்டயே வந்து "அண்ணே, நான் சுடோகுல எக்ஸ்பர்ட் லெவல்"ங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும்!

இப்ப நான் வாரத்துல ரெண்டு நாள் லேக்குக்குப் போறதில்ல. ஆனந்தகிரி தெருக்கள், நாயுடுபுரம் பக்கத்து சந்துன்னு தெரியாத வழியா எறங்கி, போன எடுக்காம ஏறி வருவேன். ரெண்டு தடவ யாரோ வீட்டுக் கோழிக்கூண்டுல போய் முட்டி நின்னுருக்கேன்.

ஞாபகசக்தி பவுடர்

காசு மிச்சம் பண்ணுங்க.

காது

மந்தமா இருந்தா மெஷின் மாட்டிக்கங்க. காது கேக்காததும் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வர்ற வாய்ப்ப கூட்டுற விஷயங்கள்ல ஒண்ணு. அவ்ளோதான்.

ரெண்டே வாரத்துல விட்டுர்றது

மூணு பந்த மாத்தி மாத்தி தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வித்தைய மூணு மாசம் பழகுனவங்க மூளைய 2004ல ஸ்கேன் பண்ணாங்க, ஒரு பகுதி வளந்துருந்துச்சு, விட்டதும் திரும்ப கொறஞ்சிருச்சு. 2008ல அறுவது வயசுக்காரங்கள வச்சும் பாத்தாங்க, இளசுங்க அளவுக்கு கை வரல, ஆனா மூளை மாறுச்சு. எங்க அப்பத்தா சொட்டாங்கல் ஆடும்போது அஞ்சு கல்லும் சொன்ன பேச்சு கேக்கும், அந்த தைரியத்துல நானும் ஆரம்பிச்சேன். பேரிக்காய்ல ஆரம்பிச்சு நாலு நசுங்குனதும் வீட்டம்மா புடுங்கிட்டாங்க, இப்ப மலைப்பூண்டு. எட்டு மாசம் ஆச்சு, பதினஞ்சு தடவைக்கு மேல தாண்ட மாட்டேங்குது. கீழ விழுந்தா எங்க வாசல் சரிவுல உருண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிரும், எறங்கி எடுத்துட்டு ஏறி வரணும், அந்த வாக்கிங் தனிக்கணக்கு.