பாலைவனமும் மலையும் மோட்டார்ஹோமில்: ஓய்வுபெற்ற தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் பேட்வாட்டர் பள்ளம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. அங்கிருந்து 190ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறி, 395இல் வடக்கே திரும்பி, லீ வைனிங்கில் 120ஐப் பிடித்தால் டையோகா கணவாய். உயரம் 3,031 மீட்டர். வரைபடத்தில் ஒரு பகல் ஓட்டம்தான். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டியில் கிளம்பும் தம்பதியர் பலர் ஆசையோடு குறித்துவைக்கும் பாதை இது. வண்டியையும் உடம்பையும் சோதிக்கும் எல்லாமே இதில் இருப்பதால், இந்த ஒரு பாதையை வைத்தே சொல்கிறோம்.

முதல் தவறு வீட்டிலேயே, நாட்காட்டியின் முன்னால் நடந்துவிடுகிறது. டெத் வேலிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். டையோகா சாலையோ பெரும்பாலும் நவம்பரில் பனியால் மூடப்பட்டு, மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் ஜூனில் கிளம்பி, பள்ளத்தாக்கில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலில் மாட்டிக்கொள்கிறார்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம் அது. வாடகை வண்டி ஒப்பந்தங்கள் பலவற்றில் கோடையில் டெத் வேலிக்குப் போகக் கூடாது என்றே எழுதியிருக்கும். மீறிப்போய் வண்டி நின்றால் இழுவைச் செலவு உங்கள் தலையில். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டுமானால் அக்டோபர்தான் ஓரளவு இடம் கொடுக்கும். அப்போதும் முன்பனியில் கணவாய் திடீரென மூடப்படலாம் என்பதால் கையில் மூன்று நாலு நாள் உபரியாக இருக்கட்டும்.

எடையும் டயரும்

150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அதோடு அரிசி மூட்டை, குக்கர், நாற்காலிகள், கருவிப்பெட்டி எல்லாம் ஏறும். வண்டியில் ஒட்டியிருக்கும் அதிகபட்ச மொத்த எடையை யாரும் வேண்டுமென்று தாண்டுவதில்லை. எடை போடாததால் தாண்டியது தெரிவதில்லை. லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் எடைமேடை இருக்கும். தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, இருவரும் உள்ளே உட்கார்ந்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக எடை போடுங்கள்.

டயரில் காற்றைக் காலையில், வண்டி நகர்வதற்கு முன் பார்க்க வேண்டும். பாலைவன மதியத்தில் ஓட்டிவிட்டு அளந்தால் 10, 15 பிஎஸ்ஐ கூடத் தெரியும். “அதிகமாயிடுச்சே” என்று கொஞ்சம் இறக்கிவிடுவதுதான் ஆபத்து. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் வெடிக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்சக்கரத்தையும் அளக்க வால்வு நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்று தளர்ந்தால் வெளிச்சக்கரம்தான் மொத்த பாரத்தையும் சுமக்கும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்களையும் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு. மோட்டார்ஹோம் பெரும்பாலும் நின்றே கிடப்பதால் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதிர்ந்துவிடும். பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிப்பகுதி, நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

ஏற்றத்தைவிட இறக்கம்

ஏற்றத்தில் எஞ்சின் சூடேறினால் முள் காட்டிக்கொடுக்கும். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்து, கியரை ஒன்று குறைத்து மெதுவாக ஏறலாம். அப்படியும் முள் இறங்கவில்லையென்றால் ஓரங்கட்டி, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று வேகமாகச் சுழலவிடுங்கள். மின்விசிறியும் பம்பும் வேலை செய்து சூட்டை இறக்கும். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். ஆகவே டையோகா உச்சியில் வண்டி இழுக்காததைப் பழுது என்று நினைத்துப் பதற வேண்டாம்.

உயிருக்கு ஆபத்து இறக்கத்தில். 190இல் மேற்கிலிருந்து வருபவர்கள் 1,511 மீட்டர் உயரமுள்ள டவுன் கணவாயிலிருந்து ஏறக்குறைய 27 கிலோமீட்டருக்குள் கடல்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். ஐந்தரை டன் வண்டி 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 250 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதைக் காற்றுத்தடையும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக்தான் வாங்க வேண்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் முதலில் கருகிய வாடை வரும், பிறகு பெடல் மிருதுவாகும், பிறகு தரைவரை இறங்கும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். டாட் 3 ரக பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறியபின் 140இலேயே கொதிக்கலாம். குழாயில் எண்ணெய் ஆவியானால் பெடலை மிதிப்பது காற்றை மிதிப்பதுதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

ஏறின கியரிலேயே இறங்கு என்று ஊட்டி, கொல்லிமலைப் பாதைகளில் ஓட்டுபவர்கள் சொல்வது இங்கும் பொருந்தும். பெரும்பாலும் அதைவிட ஒரு கியர் குறைவாகவே தேவைப்படும். கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, உச்சியிலேயே மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைத் தாழ்வாகவே வைத்திருக்க உதவும் டோ-ஹால் பொத்தான் இருந்தால் அதையும் போடுங்கள். உங்களுக்குப் பாதுகாப்பான வேகம் 35 மைல் என்றால், முள் 35ஐத் தொட்டதும் திடமாக மூன்று விநாடி மிதித்து 30க்குக் கொண்டுவந்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி 35 வரும்வரை தொடக் கூடாது. அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறுகிறது. வாடை வந்துவிட்டால் சமதளமான ஒதுக்கிடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அரை மணியாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான இரும்பு விரிசல்விடும்.

பெரிய வண்டிக்கு மூடிய மலைச்சாலைகளும் உண்டு. மொன்டானாவில் கோயிங் டு த சன் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. காருக்கான வழிகாட்டிச் செயலி இதைச் சொல்லாது. கூரைமேல் உள்ள ஏசியையும் சேர்த்து அளந்த உயரத்தை, பலகைகளில் இருப்பதுபோல அடி அங்குலத்தில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள்.

தங்குமிடத்தில்

பாலைவனத்தில் மணல் சமமாக, மரநிழலோடு, அழகாக இருக்கும் இடம் பல நேரம் வறண்ட ஓடைப்படுகையாக இருக்கும். மழை 30 கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்கு மாநிலங்களுக்கு மழைக்காலம். தடுப்பு வைத்து மூடிய வெள்ளச் சாலைக்குள் வண்டியை விட்டு மாட்டினால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் உண்டு. சரளை படிந்த மேட்டில் நிறுத்துங்கள். நடைபோகவோ தூங்கவோ போகும்போது வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் வெளிப்பந்தலைச் சுருட்டிவிடுங்கள். பத்து நிமிடக் காற்று அதன் கைகளை முறித்துவிடும்.

எல்பிஜியில் ஓடும் பழைய பாணிக் குளிர்பெட்டிக்கு மோட்டார் கிடையாது. உள்ளிருக்கும் திரவம் சரிவில் தானே வழிந்து சுற்றிவர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது தேங்கிக் கருகி, பெட்டி நிரந்தரமாகப் போய்விடும். 1,700 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் சுடரும் அடிக்கடி அணையும். மலையில் முடிந்தவரை மின்சாரத்தில் ஓட்டுங்கள், குறிப்பாக உள்ளே இன்சுலின் இருந்தால்.

கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்கும் பழக்கம் பாலைவனத்தில் தண்டனை தரும். நீர் வடிந்து, மிச்சம் காய்ந்து கல்லாகிவிடும். முக்கால் பங்கு நிறையும்வரை மூடியே இருக்கட்டும்.

இருவரில் ஒருவர் மட்டும் ஓட்டுவது

டெத் வேலியில் தூங்கியவர்கள் மறுநாளே 2,600 மீட்டரில் இருக்கும் டூவாலமி புல்வெளி முகாமில் படுத்தால், திடீர் உயரத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வர வாய்ப்பு அதிகம். இடையில் 395இல் வரும் பிஷப் என்ற ஊரில் ஒரு இரவு, லீ வைனிங்கில் ஒரு இரவு தங்குங்கள். நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் வெயிலுக்கும் உயரத்துக்கும் அளவு மாற வேண்டுமா என்று கிளம்புமுன் மருத்துவரைக் கேளுங்கள். வழியில் தாமாகக் குறைக்கக் கூடாது. வயதாகிவிட்டது, பயணக் களைப்பு என்று அறிகுறிகளைத் தள்ளிவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. நேராக நடக்கத் தள்ளாடினாலோ பேச்சு குழம்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும்.

அந்த இரவில் முடியாமல் படுத்திருப்பவர் ஓட்டுநராகவும் இருக்கலாம். பல வீடுகளில் கணவர் மட்டும் ஓட்டுவார். மனைவி பத்தாயிரம் கிலோமீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவந்தும் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கமாட்டார். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, ஆளில்லாத பெரிய வாகன நிறுத்தத்தில் நாலு வாளிகளை நட்டுவைத்துப் பழகுங்கள். திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் எவ்வளவு வீசுகிறது என்பதை இருவரும் வெளியே நின்று பார்க்க வேண்டும். பயணத்தில் அந்த இன்னொருவர் தினமும் 20 கிலோமீட்டராவது ஓட்டட்டும், அதில் ஓர் இறக்கமும் இருக்கட்டும். எல்பிஜி வால்வை மூடு, பந்தலைச் சுருட்டு, தாங்குகால்களை உயர்த்து, படியை மடக்கு, கட்டையை எடு என்று புறப்படும் வரிசையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குள் ஒட்டுங்கள். செல்பேசிக்குச் சிக்னல் இல்லாத முகாமாக இருக்கும் என்பதால், அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகும் வழியை அன்றன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே காகிதத்தில் அதன் கீழே எழுதிவிடுங்கள்.