கோல்ஃப்: பந்து தொலைந்தால் எத்தனையாவது அடி?

வார இறுதியில் ஆடுபவரின் ஸ்கோர் கார்டில் தப்பு நுழைவது பெரும்பாலும் மைதானத்தில் நட்டிருக்கும் குச்சிகளின் நிறத்தைக் கவனிக்காததால்தான். பந்தைக் கையில் எடுப்பதற்கு முன் குச்சியைப் பாருங்கள்.

வெள்ளை என்றால் எல்லை. பந்து முழுவதுமாக வெளியே போயிருந்தால்தான் அவுட். அப்போது முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். டீயில் (ஆட்டம் தொடங்கும் இடம்) அடித்தது 1, பெனால்டி (தண்டனையாகக் கூட்டும் அடி) 2, மறுபடி டீயிலிருந்து அடிப்பது 3. இதை 2 என்று எழுதிக்கொள்கிறவர்கள் ஏராளம். வெள்ளைக் குச்சி வழியில் நின்றாலும் பிடுங்கக் கூடாது. சிவப்பு, மஞ்சள் குச்சிகள் எளிதாக வந்தால் பிடுங்கலாம்.

தொலைந்த பந்துக்கும் இதே கணக்குதான். தேட 3 நிமிடம். 2019க்கு முன் 5 இருந்தது, பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். பந்து தொலையும் என்று சந்தேகம் வந்தால் தேடப் போகும் முன்பே, “புரொவிஷனல் அடிக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; முதல் பந்து தொலைந்திருந்தால் ஆட்டத்துக்கு வரும் தற்காலிகப் பந்து அது. “இன்னொன்று அடிக்கிறேன்” என்பது போதாது. அப்படி மட்டும் சொல்லி அடித்தால் இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில். முதல் பந்து ஃபேர்வே (டீக்கும் குழிக்கும் இடையே புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை) நடுவில் கிடந்தாலும் செல்லாது.

சிவப்பு, மஞ்சள் இரண்டும் பெனால்டி ஏரியா, அதாவது குளம், ஓடை போன்ற இடங்கள். உள்ளே கிடக்கிறபடியே அடித்தால் பெனால்டி இல்லை, கிளப்பை (அடிக்கும் மட்டையை) தரையில் ஊன்றவும் செய்யலாம். வெளியே எடுத்தால் ஒரு பெனால்டி. சிவப்பில், பந்து கடைசியாக விளிம்பைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு மேலும் அருகில் போகாமல் டிராப் செய்யலாம், அதாவது பந்தைக் கையிலிருந்து கீழே விடலாம். தண்ணீர் தெறித்த இடம் கணக்கில்லை. மஞ்சளில் பக்கவாட்டு வசதி கிடையாது; குழியையும் கடந்த இடத்தையும் சேர்க்கும் கோட்டில் பின்னால் போகலாம், அல்லது முன்பு அடித்த இடத்துக்குத் திரும்பலாம். அளக்க, பையில் உள்ள மிக நீளமான கிளப். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டும் சேராது.

டிராப் முழங்கால் உயரத்திலிருந்து. பழக்கத்தில் தோளிலிருந்து விட்டுவிட்டால், அடிக்கும் முன் எடுத்துச் சரியாக மறுபடி விட்டால் பெனால்டி இல்லை. சரியாக விட்ட பந்து அனுமதித்த இடத்தை விட்டு உருண்டால் இன்னொரு டிராப். அதுவும் உருண்டால், இரண்டாம் முறை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வையுங்கள்.

சில கோல்ஃப் மைதானங்களில் உள்ளூர் விதி உண்டு: தொலைந்தாலோ எல்லை தாண்டினாலோ திரும்பி நடக்காமல், இரண்டு பெனால்டியுடன் முன்னால் ஃபேர்வே ஓரத்திலேயே டிராப் செய்யலாம். டீ ஷாட் தொலைந்திருந்தால் அடுத்தது 4வது அடி. புரொவிஷனல் அடித்துவிட்டால் இந்தச் சலுகை இல்லை. ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு டீக்குப் போங்கள்.