எகனாமிக்ஸ் டிகிரி எய்ம் பண்றீங்களா? ஸ்கூல்ல சப்ஜெக்ட் எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

எகனாமிக்ஸ் படிக்கணும்னா ஸ்கூல்ல எகனாமிக்ஸ் எடுத்தா போதும்னு நெனைக்கறவங்க நெறைய பேர், நானும் அந்த லிஸ்ட்ல இருந்தவன்தான். மேத்ஸும் எடுத்திருந்தேன், ஆனா அது ஏதோ கடனுக்கு பாஸ் பண்ண வேண்டிய சப்ஜெக்ட் மாதிரி ஓரமா கெடந்துச்சு, உழைப்பு பூரா எகனாமிக்ஸ் நோட்ஸுக்கும் கலர் பேனால வரைஞ்ச டிமாண்ட் சப்ளை கர்வுக்கும் போச்சு. காலேஜ்ல சேந்து மூணாவது வாரமே போர்டுல லக்ராஞ்சியன்னு ஒண்ண எழுதி டெரிவேட்டிவ் எடுக்க ஆரம்பிச்சாங்க, நான் ரெண்டு வருஷம் பாத்து பாத்து வரைஞ்ச கர்வு மொத்தமும் அதுக்கு முந்தின வாரம் ஒரே லெக்சர்ல முடிஞ்சிருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவன் ஸ்கூல்ல எகனாமிக்ஸே படிச்சதில்ல, ஆனா அவன் பாட்டுக்கு ஜாலியா எழுதிட்டு இருந்தான்.

அதனால இந்த வருஷம் சப்ஜெக்ட் ஃபார்ம் நிரப்ப போறவங்களுக்காக, எந்த வரிசைல யோசிக்கணும்னு எனக்கு தோணுறத எழுதறேன்.

ஸ்டெப் 1: கடைசிலேர்ந்து ஆரம்பிங்க

சப்ஜெக்ட் லிஸ்ட்ட பாத்து எது புடிக்குதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, நீங்க போக நெனைக்கற 5 இல்ல 6 கோர்ஸோட அட்மிஷன் பக்கத்த தொறந்து வச்சுக்கோங்க. ஒரு பேப்பர்ல மூணு விஷயம் எழுதுங்க: எந்த சப்ஜெக்ட் கட்டாயம், எது இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க, தனியா என்ட்ரன்ஸ் டெஸ்ட் இருக்கா. இந்த ரெண்டாவது விஷயத்த யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா போட்டி ஜாஸ்தியா இருக்கற எடத்துல 'இருந்தா நல்லது'ன்னா, அப்ளை பண்றவங்கள்ல பாதிக்கு மேல அத வச்சிருப்பாங்கன்னே நெனச்சுக்கோங்க.

உதாரணத்துக்கு, கேம்பிரிட்ஜ்ல எகனாமிக்ஸுக்கு ஏ லெவல் (பிரிட்டன்ல ஸ்கூல் கடைசி ரெண்டு வருஷம் படிக்கற படிப்பு, பொதுவா மூணு சப்ஜெக்ட்) மேத்ஸ் கட்டாயம், வழக்கமா கேக்கற கிரேடு ரெண்டு ஏ ஸ்டார், ஒரு ஏ, இதுல ஏ ஸ்டார்தான் உச்ச கிரேடு. லண்டன்ல இருக்கற எல்எஸ்இ-ல (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) எகனாமிக்ஸுக்கு ஒரு ஏ ஸ்டார், ரெண்டு ஏ, அந்த ஏ ஸ்டார் மேத்ஸ்லதான் வரணும். இந்த ரெண்டு எடத்துலயும் ஸ்கூல் எகனாமிக்ஸ் கட்டாயம் இல்ல! இத மொதல்ல பாத்தப்ப நான் தப்பா படிக்கறேனோன்னு ரெண்டு தடவ படிச்சேன்.

கோர்ஸ் பேரையும் கவனிங்க. எகனாமிக்ஸ்ங்கற வார்த்தை இருக்கற எல்லா டிகிரியும் ஒண்ணு இல்ல. ஆக்ஸ்ஃபோர்டுல தத்துவம், அரசியல், எகனாமிக்ஸ் மூணும் சேத்து ஒரு டிகிரி இருக்கு, பிபிஇ-ன்னு சொல்லுவாங்க, அதுக்கு மேத்ஸ் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்களே தவிர கட்டாயப்படுத்தல. அதே யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் அண்ட் மேனேஜ்மென்ட்டுக்கு மேத்ஸ் இல்லாம போக முடியாது. அட்மிஷன் பக்கத்தோட நிறுத்தாம மொத வருஷ பேப்பர் லிஸ்ட்டையும் ஒரு தடவ பாருங்க, மைக்ரோ, மேக்ரோவோட மேத்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு தனித்தனியா இருந்தா அந்த கோர்ஸ் எந்த பக்கம் சாயுதுன்னு புரிஞ்சுரும்.

ஸ்டெப் 2: மேத்ஸ மொதல்ல எழுதிடுங்க

இதுல யோசிக்க ஒண்ணுமில்ல, ஆனா ஏன்னு தெரிஞ்சா படிக்கறப்ப கடுப்பு வராது, அதுக்காக ஒரு சின்ன கணக்கு. ஒரு கம்பெனி ஒரே ஒரு பொருள் விக்குது. எத்தன பீஸ் வித்தாலும் ஒரு பீஸ் தயாரிக்க ஆகற செலவு 20. ஒவ்வொரு பீஸ் கூடுதலா விக்கணும்னாலும் எல்லா பீஸோட விலையையும் 2 கொறைக்கணும், அதாவது விலை எப்பவும் 100-லேர்ந்து பீஸ் எண்ணிக்கையோட ரெண்டு மடங்க கழிச்சா வர்றது. எத்தன பீஸ் வித்தா லாபம் அதிகம்? ஒவ்வொண்ணா போட்டு பாக்கலாம்: 19 பீஸ் வித்தா விலை 62, லாபம் 798. 20 வித்தா விலை 60, லாபம் 800. 21 வித்தா மறுபடி 798. ஆக 20. ஆனா டிஃபரன்ஷியேஷன், அதாவது ஒண்ணு கொஞ்சம் மாறுனா இன்னொண்ணு எவ்ளோ மாறும்னு கண்டுபிடிக்கற கணக்கு, தெரிஞ்சவங்க இப்படி தடவி தடவி தேட மாட்டாங்க, மொத்த வருமானத்த டிஃபரன்ஷியேட் பண்ணா 100 மைனஸ் 4 மடங்கு எண்ணிக்கை, அத ஒரு பீஸோட செலவு 20-க்கு சமமா போட்டா 20 பீஸ்னு ஒரே வரில வந்துரும். எகனாமிக்ஸ்ல 'மார்ஜினல்'னு (இன்னும் ஒண்ணு கூடுனா எவ்ளோ மாறும்) எங்க வந்தாலும் பின்னாடி டெரிவேட்டிவ்தான், அதாவது டிஃபரன்ஷியேட் பண்ணா வர்றதுதான், உக்காந்திருக்கும். மேல நான் சொன்ன லக்ராஞ்சியன் இதோட அண்ணன், இருக்கற காசுக்குள்ளயே எப்படி அதிக திருப்தி அடையறதுங்கற மாதிரி ஒரு கட்டுப்பாடு இருக்கறப்ப போடற கணக்கு.

இந்த டிஃபரன்ஷியேஷன் வர்ற கால்குலஸ் ஒரு பாதின்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இன்னொரு பாதி. 1992-ல அமெரிக்கால நியூ ஜெர்சி மாநிலம் மினிமம் சம்பளத்த மணிக்கு 4.25 டாலர்லேர்ந்து 5.05-க்கு ஏத்துச்சு, பக்கத்துல இருக்கற பென்சில்வேனியா ஏத்தல. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர்னு ரெண்டு எகனாமிஸ்ட் ரெண்டு பக்கமும் ஃபாஸ்ட் ஃபுட் கடைங்கள்ல எத்தன பேர் வேலை பாக்கறாங்கன்னு சம்பளம் ஏறறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எண்ணி கம்பேர் பண்ணாங்க, சம்பளம் ஏறுனா வேலை கொறையும்னு பாடத்துல இருந்தது அங்க நடக்கல. கார்டுக்கு 2021-ல நோபல்ல பங்கு கெடச்சுது. இந்த மாதிரி வேலைய படிச்சு புரிஞ்சுக்கணும்னா சராசரி, வேரியன்ஸ் (எண்கள் சராசரிலேர்ந்து எவ்ளோ சிதறி இருக்கு), ஹைப்பாத்தசிஸ் டெஸ்ட்டிங் (ஒரு ஊகத்த டேட்டா வச்சு சோதிக்கறது) எல்லாம் கைல இருக்கணும், அதனால மேத்ஸ்ல ஸ்டாட்ஸ் பகுதி ஆப்ஷனலா இருந்தா தயவு செஞ்சு தவிர்க்காதீங்க.

ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்ங்கற ஸ்கூல் படிப்பு, படிக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க மேத்ஸ் ரெண்டு வகை இருக்கு, அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரடேஷன். பேர பாத்தா ரெண்டாவதுதான் எகனாமிக்ஸுக்கு பொருத்தம்னு தோணும், ஆனா கடுமையான கோர்ஸ் பல எடத்துல கேக்கறது மொதலாவது, அதுவும் ஹையர் லெவல்ல.

ஸ்டெப் 3: ரெண்டாவது மேத்ஸ் வேணுமா?

ஃபர்தர் மேத்ஸ் (ஏ லெவல்ல சாதா மேத்ஸுக்கு மேல தனியா வர்ற மேத்ஸ்) மாதிரி ஒரு சப்ஜெக்ட் உங்க ஸ்கூல்ல இருந்து, சாதா மேத்ஸ் உங்களுக்கு ஓரளவு சுலபமா வருதுன்னா எடுங்க. அதுல வர்ற மேட்ரிக்ஸ் எகனாமெட்ரிக்ஸ்ல (எகனாமிக்ஸ் டேட்டாவ ஸ்டாட்ஸ் வச்சு அலசற பாடம்) நேரா வந்து நிக்கும், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் ஒரு நாட்டோட வளர்ச்சி மாடல்ல வரும். சாதா மேத்ஸுக்கே மூச்சு வாங்குதுன்னா வேண்டாம், ரெண்டுலயும் சுமாரா வாங்கறத விட ஒண்ணுல உச்சமா வாங்கறதுதான் மேல். ஸ்கூல்லயே இல்லன்னா பயப்பட ஒண்ணுமில்ல, உங்களுக்கு கெடைக்காத சப்ஜெக்ட்ட வச்சு உங்கள பொதுவா கழிச்சு கட்ட மாட்டாங்க, ரெஃபரன்ஸ் லெட்டர் எழுதற டீச்சர் கிட்ட 'எங்க ஸ்கூல்ல இது நடத்தறதில்ல'ன்னு ஒரு வரி சேக்க சொல்லுங்க.

ஸ்டெப் 4: அப்ப எகனாமிக்ஸ்?

புடிச்சா எடுங்க. மொத வருஷம் அடிலேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க, அதனால இது இல்லன்னா நஷ்டம் பெருசா இல்ல. பெரிய எகனாமிஸ்ட்டான கெய்ன்ஸே டிகிரி வாங்குனது மேத்ஸ்லதான். எடுக்கறதுல இருக்கற உண்மையான லாபம், மூணு வருஷம் இத படிக்க உங்களுக்கு நெசமாவே ஆசை இருக்கான்னு முன்கூட்டியே தெரிஞ்சுரும். கூடவே பிசினஸ் ஸ்டடீஸும் எடுக்கறத மட்டும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ரெண்டுலயும் பாதி ஒரே விஷயம் ஓடும், ஒரு சீட்டு வீணா போச்சு.

ஸ்டெப் 5: எழுத வைக்கற சப்ஜெக்ட் ஒண்ணு

மேத்ஸ் மேத்ஸ்னு இவ்ளோ கத்திட்டு இத சொல்றேன்னு பாக்காதீங்க. ஆல்ஃபிரட் மார்ஷல்னு ஒரு எகனாமிஸ்ட், அவரும் கேம்பிரிட்ஜ்ல மேத்ஸ் படிச்சு வந்தவர், 1906-ல நண்பர் ஒருத்தருக்கு எழுதுன லெட்டர்ல தன்னோட முறைய சொல்றார்: மேத்ஸ சுருக்கெழுத்து மாதிரி வச்சு வேலைய முடி, அப்பறம் அத சாதாரண மொழில எழுது, நெஜ வாழ்க்கைலேர்ந்து உதாரணம் காட்டு, அப்பறம் மேத்ஸ கொளுத்திடு. நான் அவ்ளோ தூரம் போக மாட்டேன், ஆனா கணக்கு போட்டு முடிச்ச அப்பறம் 'அதனால என்ன'ங்கற கேள்விக்கு ரெண்டு பக்கம் ஒழுங்கா எழுத தெரியாதவங்க நெறைய பேர பாத்திருக்கேன்.

என்னோட சாய்ஸ் வரலாறு. ஆதாரத்த சந்தேகப்பட்டு படிக்கறது, ஒரு காரணத்த இன்னொரு காரணத்துலேர்ந்து பிரிக்கறது, ரெண்டுமே எகனாமிக்ஸ்ல தெனம் செய்யற வேலை. 2023-ல எகனாமிக்ஸ் நோபல் வாங்குன கிளாடியா கோல்டின் பொருளாதார வரலாறு பாக்கறவங்க, 200 வருஷத்துக்கு மேல அமெரிக்க பெண்கள் வேலைக்கு போன கதைய பழைய ரெக்கார்ட தோண்டி எடுத்தாங்க. வரலாறு ஒத்து வரலன்னா அரசியல், தத்துவம், இலக்கியம் எதுனாலும் சரி. எழுதறதே அலர்ஜின்னா ஃபிசிக்ஸ் எடுங்க, கணக்கு கை ஓடும், ஆனா கட்டுரை எழுதற பழக்கத்த நீங்களே தனியா வளத்துக்கணும்.

ஸ்டெப் 6: சேத்து பாருங்க, கிரேடையும் பாருங்க

மூணு சப்ஜெக்ட் சிஸ்டம்னா என் வரிசை: மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், அப்பறம் எகனாமிக்ஸோ வரலாறோ. ஃபர்தர் மேத்ஸ் இல்லன்னா மேத்ஸ், எகனாமிக்ஸ், வரலாறு. நாலு எடுத்தா கெத்துன்னு அகலக்கால் வைக்காதீங்க, யுனிவர்சிட்டி குடுக்கற அட்மிஷன் ஆஃபர் பொதுவா மூணு சப்ஜெக்ட் கிரேட வச்சுதான் வரும், நாலாவது மத்த மூணோட மார்க்க தின்னுட்டு போயிரும். நாலாவதா ஃபர்தர் மேத்ஸ் எடுக்கறவங்க மட்டும் விதிவிலக்கு, அவங்களுக்கு மேத்ஸும் அதுவும் ஒண்ணுக்கு ஒண்ணு கை கொடுக்கும்.

ஸ்டெப் 7: டெஸ்ட்ட மறந்துராதீங்க

கேம்பிரிட்ஜும் எல்எஸ்இயும் எகனாமிக்ஸுக்கு டிஎம்யூஏ-ன்னு ஒரு மேத்ஸ் டெஸ்ட் கேக்கறாங்க. ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் 75 நிமிஷம், 20 கேள்வி, கால்குலேட்டர் கெடையாது. மொத பேப்பர் தெரிஞ்ச மேத்ஸ புதுசா உபயோகிக்க தெரியுமான்னு பாக்கும், ரெண்டாவது லாஜிக், ப்ரூஃப். கடைசி வருஷம் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே இது வந்துரும், அதனால மேத்ஸ் டீச்சர் சிலபஸ்ல எந்த வரிசைல போறாங்கன்னு இப்பவே கேட்டு வைங்க, டெஸ்ட்டுக்கு வேண்டிய பகுதி அதுக்கப்பறம்தான் நடத்துவாங்கன்னா லீவுல நீங்களே முடிச்சு வச்சுக்கணும்.

ஃபார்ம் குடுக்கறப்ப ஆஃபீஸ்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஆரம்பிச்சு எத்தன வாரம் வரைக்கும் சப்ஜெக்ட் மாத்தலாம்னு. ஃபர்தர் மேத்ஸ்லேர்ந்து எறங்கறது சுலபம், பாதில ஏறறதுதான் கஷ்டம், சந்தேகம் இருந்தா மொத நாள்லேர்ந்தே அந்த கிளாஸ்ல போய் உக்காருங்க.