வாட்ஸ்அப் நேரமும் வாய்க்கால் நேரமும்: நாம் செய்யும் சில தவறுகள்

மேட்டூரில் மதகு திறந்தால் அந்த வீடியோ அரை மணி நேரத்தில் வேதாரண்யம் வரை வந்துவிடும். தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள். இது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வீடியோ பார்த்த மறுநாளே "எங்க ஊருக்கு இன்னும் வரலையே" என்று குரூப்பில் சண்டை தொடங்கிவிடுகிறது. கண்ணில் பட்டதெல்லாம் இப்போதே, இங்கேயே நடக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. முதல் தவறு இதுதான். டெல்டாக்காரர்களுக்குக் கைக்காசு நஷ்டமாகக்கூடிய தவறும் இதுதான்.

முன்பெல்லாம் கடைசியாகப் போட்ட பதிவு மேலே வரும். ஃபேஸ்புக் அந்த வரிசையை எப்போதோ கைவிட்டது. இன்ஸ்டாகிராம் 2016-ல் கைவிட்டது. இப்போது நாம் எதில் நின்று பார்ப்போம் என்று கணித்துத்தான் வரிசை அமைகிறது. போன வாரச் செய்தி இன்று காலை முதலில் வந்து நிற்கலாம். வாட்ஸ்அப்பில் சிக்கல் வேறு மாதிரி. வீடியோவுக்குக் கீழே தெரியும் நேரம், அது நமக்கு வந்த நேரம். எடுத்த நேரம் அதில் இருக்காது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. அந்தக் காட்சியைத் தேதி இல்லாமல் ஒரு ஐப்பசி மழை இரவில் யாராவது அனுப்பினால், கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வருமா?

மேட்டூர் திறப்பும் அப்படித்தான். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய திறப்பு வீடியோவை நம்பி ஒருவர் நாற்றங்காலில் விதை போட்டால், நாற்று முற்றிப்போகும், தண்ணீர் வராது. அதனால் வீடியோ போடுகிறவர் எடுத்த தேதியையும் இடத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்று ஊர் குரூப்பில் ஒரு விதி வைத்துவிடுங்கள். இரண்டு அம்புக்குறியோடு, பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறிப்புடன் வருவதை நீர்வளத்துறை அறிவிப்போடு ஒப்பிடாமல் அடுத்தவருக்குத் தள்ள வேண்டாம்.

இரண்டாவது, "அஞ்சு நிமிஷம்தான்" என்று நம்மையே ஏமாற்றிக்கொள்வது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ரீல்ஸுக்கு இல்லை. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். பிறகு அவரே அதற்காக வருந்தினார். முடிவு என்று ஒன்று இல்லாதபோது எப்போது நிறுத்துவது என்று மனதுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல அனுபவங்கள் நிறைந்த நாள் ஓடும்போது வேகமாக ஓடும், பின்னால் நினைத்தால் நீளமாகத் தெரியும். வெறுமையான நாள் நகரவே நகராது, நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதினார். திருவாரூர் ஆழித்தேர் பார்த்த நாள் முதல் வகை. அரசு அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த நாள் இரண்டாவது வகை. ரீல்ஸ் பார்த்த மாலைப்பொழுது, என்னைக் கேட்டால், இரண்டிலும் மோசமானதை எடுத்துக்கொள்கிறது: ஓடும்போதும் தெரியவில்லை, பின்னால் நினைக்கவும் ஒன்றுமில்லை. "இப்பத்தான் பொங்கல் வந்துச்சு, அதுக்குள்ள ஆடியா" என்று நாம் அலுத்துக்கொள்வதில் வயதுக்கு ஒரு பங்கு இருக்கலாம். இதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

செயலிக்கு நேர வரம்பு வைப்பது பலருக்கு உதவுவதில்லை. வரம்பைத் தள்ளிப்போடும் பட்டனும் அங்கேயே இருக்கிறதே! இடத்தை எல்லையாக வைத்துப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸில் பாபநாசம் வரைக்கும் போன், அப்புறம் பைக்குள். பாபநாசத்தைத் தள்ளிப்போட முடியாது.

ஆடிப்பெருக்குக்கு வருவோம். திருவையாறு படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுகிற கைகளைவிட உயர்த்திப் பிடித்த போன்கள் அதிகமோ என்று சந்தேகம் வருகிறது. படமே எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே ஆற்றை முழுசாக வீடியோ எடுக்கத் தேவையில்லை. பாட்டி மஞ்சள் கயிறு கட்டிவிடுகிற கையைக் கவனித்து ஒரு படம் எடுங்கள், போதும்.

அடுத்தவர் வாழ்க்கையோடு ஒப்பிடும் தவறைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். ஆடுதுறை 43 நெல் ரகம் ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வரும், சி.ஆர். 1009 ரகத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வேண்டும். பக்கத்து வயலில் அறுக்கிறார்களே என்று யாரும் சி.ஆர். 1009-ஐத் திட்டுவதில்லை. கூடப் படித்தவன் சிங்கப்பூரிலிருந்து போடும் படத்தைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் மட்டும் நிறைய.

நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று கோபப்படுவதும் இந்த வகைதான். அவர் நடவில் நிற்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடுவேன் என்று சபதம் எடுப்பது. டெல்டாவில் இது நடக்காது. அறுவடை நேரத்தில் மழை எச்சரிக்கை பார்க்காமல் நெல்லைக் களத்தில் கொட்டிவைக்க முடியுமா? கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக அனுமதிக்கும் ஈரப்பதம் 17 சதவீதம். ஒரு மழை போதும், எல்லாம் கெட்டுவிடும். எச்சரிக்கை பார்க்கப் போய் ரீல்ஸில் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல். வானிலைத் துறையின் பக்கத்தைப் போனின் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸ் செயலிகளை மூன்றாவது நான்காவது பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அவற்றின் அறிவிப்பு மணியையும் அணைத்துவிடுங்கள்.