டெபியனில் போஸ்ட்கிரெஸ் பதிப்பை உயர்த்துவது எப்படி

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் 15.6-லிருந்து 15.7-க்குப் போவது எளிது. டேட்டா கோப்புகளின் வடிவம் மாறாது; டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் பேக்கேஜை இறக்கி சர்வரை ரீஸ்டார்ட் செய்யும், அவ்வளவுதான். தானியங்கி அப்டேட் வேலை நேரத்தில் அதைச் செய்தால் எல்லா கனெக்‌ஷனும் அறும். தானாக உயராதபடி ஆப்ட்-மார்க் ஹோல்ட் போட்டுவைத்து, கூட்டமில்லாத நேரத்தில் கையால் செய்யுங்கள்.

15-லிருந்து 17-க்கு வேறு கதை. டெபியன் 12-ல் 15, டெபியன் 13-ல் 17. சிஸ்டத்தை உயர்த்தியபின் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் அடித்துப் பாருங்கள்: உங்கள் டேட்டா இன்னும் 15-லேயே, 5432 போர்ட்டில் இருக்கும். பக்கத்தில் 5433-ல் 17-க்கான வெற்று கிளஸ்டர் (ஒரு சர்வரும் அதன் டேட்டா டைரக்டரியும்) ஒன்றும் பெரும்பாலும் நிற்கும். பேக்கேஜ் புதிய சர்வரைத்தான் கொண்டுவரும், டேட்டாவை நீங்கள்தான் நகர்த்த வேண்டும்.

அதுவரை "பழைய பேக்கேஜ்" என்று 15-ஐ நீக்கிவிடாதீர்கள். அதன் டேட்டாவை 17 திறக்காது. நீக்கியிருந்தால் போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்த ஆப்ட் களஞ்சியத்திலிருந்து 15-ஐ மறுபடி நிறுவலாம். ஆனால் பர்ஜ் (பேக்கேஜை அமைப்புக் கோப்புகளோடு முழுதாக நீக்குவது) செய்யும்போது டேட்டா டைரக்டரியையும் அழிக்கவா என்று கேட்கும். அங்கே ஆம் என்றால் மீள வழியில்லை.

முதலில் பிஜி_டம்ப்ஆல் மூலம் எல்லா டேட்டாபேஸுக்கும் ஒரு பிரதி எடுத்து வேறு மெஷினில் வையுங்கள். வரைபடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற எக்ஸ்டென்ஷன்களுக்கு 17-க்கான பேக்கேஜை முன்னதாகவே நிறுவுங்கள். இதை மறந்துதான் பலருக்குப் பாதியில் நிற்கிறது. அப்ளிகேஷனையும் நிறுத்திவிடுங்கள். பிறகு ரூட்டாக:

பிஜி_டிராப்கிளஸ்டர் --ஸ்டாப் 17 மெயின்
பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் -எம் டம்ப் 15 மெயின்

முதல் வரி வெற்று கிளஸ்டரை நீக்கி இடம் தருகிறது. உறுதிசெய்யக் கேட்காது. 17 என்ற இடத்தில் 15 அடித்தால் டேட்டா போயிற்று, என்டர் தட்டுமுன் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்.

டம்ப் முறை டேட்டாவை வெளியே எடுத்துப் புதிய கிளஸ்டரில் மறுபடி ஏற்றும்; மெதுவானது, இரண்டாம் பிரதிக்கு டிஸ்கில் இடமும் வேண்டும். இருந்தும் முடிந்தவரை அதுவே நல்லது. காரணம் ஜிலிப்சி என்ற சிஸ்டத்தின் அடிப்படை சி நூலகம்: சிஸ்டத்தோடு அதுவும் மாறும், சில சமயம் எழுத்துகளின் வரிசையும் மாறும். 2.28 பதிப்புக்கு முன் அமெரிக்க ஆங்கில லொக்கேலில் "11" முன்னும் "1-1" பின்னும் வரும், 2.28 முதல் தலைகீழ். பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடினால், டேபிளில் இருக்கும் ரோ கண்ணில் படாது. ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாத யூனிக் நெடுவரிசையில் இரட்டை மதிப்பும் நுழையும். டம்ப் முறை இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டிவிடும். டேட்டா பெரிது, நேரமில்லை என்றால் -எம் அப்கிரேட் --லிங்க் இருக்கிறது, நிமிடங்களில் முடியும். ஆனால் அது இண்டெக்ஸ் கோப்புகளை அப்படியே எடுத்துவரும். கொலேஷன் (எழுத்து வரிசை) பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் ரீஇண்டெக்ஸ் செய்தபிறகே கொலேஷன் பதிப்பை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். லிங்க் செய்து 17-ஐ ஓட்டியபின் 15-க்குத் திரும்ப முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

முடிந்ததும் 5432 புதிய கிளஸ்டருக்கு வந்துவிடும். குவெரிகள் மெதுவாக இழுத்தால், டேபிள் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்க வேக்யூம்டிபி --ஆல் --அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் ஓட்டுங்கள். ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடினால் 15-ஐ டிராப் செய்யுங்கள், அதற்குப் பிறகுதான் பேக்கேஜ் பர்ஜ்.